ரசீதைக் கையில் வாங்கியதும் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

டெல்டாவில் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு வருஷம் முழுக்கச் சீட்டு வந்துகொண்டே இருக்கும். விதை வாங்கினால் பில், சொசைட்டியில் தவணை கட்டினால் ரசீது, நகையை வைத்தால் அடகுச் சீட்டு, நெல் போட்டால் கொள்முதல் ரசீது, தீர்வை கட்டினால் கிஸ்தி ரசீது. எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டு அலமாரியில் வைத்துவிடுகிறோம். வைப்பது நல்லதுதான், ஆனால் வாங்கிய இடத்திலேயே நின்று ஒரு தடவை படித்துவிட்டு வையுங்கள். தப்பு இருந்தால் அங்கேயே அஞ்சு நிமிஷத்தில் திருத்திவிடலாம். ஆறு மாசம் கழித்துப் போய் நின்றால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

பில் வேறு, ரசீது வேறு. இவ்வளவு தர வேண்டும் என்று சொல்வது பில். பணம் வந்து சேர்ந்துவிட்டது என்று வாங்கியவர் எழுத்தில் ஒப்புக்கொள்வதுதான் ரசீது. ரொக்கம் கொடுத்தால் இரண்டும் ஒரே தாளில் வந்துவிடும், கடனுக்கு வாங்கும்போதுதான் சிக்கல். அறுவடை முடிந்து உரக்கடைப் பாக்கியைக் கட்டும்போது கடைக்காரர் தன் நோட்டில் கணக்கை அடித்துக்கொண்டால் நம் கையில் ஒன்றும் இல்லை. வரவு என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தோடு தனிச் சீட்டு கேளுங்கள். தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்துப் போட வேண்டும். எஸ்டிமேட் என்று அச்சடித்த துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

குத்தகைக்குச் சாகுபடி செய்பவர்கள் இதை நன்றாகக் கவனியுங்கள். பணம் வாங்கினேன் என்பது மட்டும் ரசீது இல்லை, கடனுக்கு ஈடாகப் பொருளைப் பெற்றுக்கொண்டேன் என்று எழுதித் தருவதும் ரசீதுதான் என்று 1899ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டமே சொல்கிறது. ஆகவே குத்தகையை நெல்லாக அளந்தாலும் சீட்டு கேட்கலாம். 1955ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி நினைத்த மாத்திரத்தில் உங்களை நிலத்தை விட்டு இறக்க முடியாது, ஆனால் குத்தகை பாக்கி இருந்தால் அதைக் காரணமாகக் காட்டலாம். பாக்கி இல்லை என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? கோயில் நிலம், மடத்து நிலம், தனியார் நிலம் எதுவாக இருந்தாலும் சீட்டில் சர்வே எண், எத்தனை மூட்டை, எந்தப் பசலிக்கு என்ற மூன்றும் இருக்க வேண்டும். பசலி என்பது வருவாய்த் துறையின் கணக்கு வருஷம், ஜூலை 1இல் ஆரம்பித்து ஜூன் 30இல் முடியும். 2024 ஜூலையிலிருந்து 2025 ஜூன் வரை பசலி 1434. சீட்டில் பசலி எழுதும் இடத்தைக் காலியாக விட்டால், நீங்கள் இந்த வருஷம் அளந்ததை நிலக்காரர் பழைய பாக்கியில் வரவு வைத்துவிட்டு இந்த வருஷத்துக்கும் கேட்கலாம்.

அடுத்தது பயிர்க் காப்பீட்டு ரசீது. சம்பாவுக்கு விவசாயியின் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். இ-சேவை மையத்தில் கடைசி நாள் கூட்டத்தில் பதிந்துவிட்டு ஓடி வருகிறோம், அங்கேதான் தப்பு நடக்கிறது. மகசூல் இழப்பை வருவாய் கிராம வாரியாகத்தான் கணக்கிடுகிறார்கள். உங்கள் நிலம் ஒரு வருவாய் கிராமத்தில் இருந்து ரசீதில் பக்கத்து வருவாய் கிராமத்தின் பெயர் விழுந்துவிட்டால், உங்கள் வயல் மூழ்கினாலும் கணக்கு அந்த ஊர் விளைச்சலைப் பார்த்துத்தான். சர்வே எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, உட்பிரிவையும் அடங்கலோடு, அதாவது கிராம நிர்வாக அலுவலரின் பயிர்க் கணக்கோடு, ஒத்துப் பாருங்கள். பரப்பு பெரும்பாலும் ஹெக்டேரில் இருக்கும். நம் ஊர்க் கணக்கில் மூன்று மா ஏறத்தாழ ஒரு ஏக்கர், அது ஹெக்டேரில் 0.405. அந்த இடத்தில் 0.045 என்று தட்டச்சாகியிருந்தால் இழப்பீடும் அந்த அளவுக்குத்தான். வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் பாஸ்புக்கை வைத்துச் சரிபாருங்கள்.

கொள்முதல் நிலையத்தில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். 40 கிலோ சிப்பம் எத்தனை, மொத்த எடை எவ்வளவு, சன்னமா பொது ரகமா, பெயர், கணக்கு எண். எடை போடும்போது நீங்களும் எண்ணிக் குறித்துக்கொண்டால் அங்கேயே ஒத்துப் பார்க்கலாம்.

விதை பில்லில் ரகம் மட்டும் இருந்தால் பத்தாது, குவியல் எண்ணும் (லாட் நம்பர்) வேண்டும். விதை சரியாக முளைக்கவில்லை என்று வேளாண்மை அலுவலகத்துக்குப் போனால் பில், மூட்டையில் இருந்த அட்டை, காலி மூட்டை மூன்றையும் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் எந்த விதையைப் போட்டீர்கள் என்பதிலேயே பேச்சு நின்றுவிடும். பில் தர மாட்டேன் என்று கடையில் சொன்னால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது முறையற்ற வணிகம். இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

போனில் பணம் அனுப்பினால் திரையில் வரும் படத்தை நம்பி விட்டுவிடுகிறார்கள். பணம் போனது அதில் தெரியும், எதற்காகப் போனது என்பது தெரியாது. அனுப்பும்போதே குறிப்பில் 'உரப் பாக்கி' என்று அடித்துவிடுங்கள், வாங்கியவரிடம் சீட்டும் கேளுங்கள்.

அப்புறம், உரக்கடை மிஷினிலும் ஏடிஎம்மிலும் வரும் வழவழப்பான தாளில் இருப்பது மை இல்லை, சூட்டில் கறுக்கும் பூச்சு. வெயிலிலும் பிளாஸ்டிக் உறையிலும் சீக்கிரம் வெளுத்து வெள்ளைத் தாளாகிவிடும். அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து மூலத்தோடு பின் அடித்து வையுங்கள், போனிலும் ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள். ரசீது எண், புத்தக எண், தேதி மூன்றையும் ஒரு டைரியில் தனியாக எழுதி வைத்திருந்தால், சீட்டு தொலைந்துபோனாலும் அலுவலகத்தில் ரசீதுப் புத்தகத்தில் தங்கும் அடிக்கட்டையைத் தேடி எடுத்து நகல் கேட்பதற்கு வழி இருக்கும்.