லண்டன் டியூப் எனும் பாதாள ரயிலிலும் பஸ்ஸிலும் கார்டைத் தட்டிப் போவது எப்படி?

லண்டன் பஸ்ஸில் காசு நீட்டினால் டிரைவர் வாங்க மாட்டார். 2014 ஜூலையோடு அது நின்றுபோயிற்று. உங்கள் கான்டாக்ட்லெஸ் (சொருகாமல் தட்டினாலே பணம் செலுத்தும்) பேங்க் கார்டே டிக்கெட். பெரியவர்களுக்கு, லண்டன் பயணத்துக்கென்றே விற்கும் ஆய்ஸ்டர் கார்டிலும் இதிலும் கட்டணம் ஒன்றுதான். ஆய்ஸ்டருக்கு அட்டை விலை தனி, அது திரும்பி வராது. நான்கு நாள் பயணத்துக்கு அது எதற்கு?

1. கிளம்பும் முன்பு
கார்டில் அலை போன்ற குறி இருக்கிறதா, அது விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் மூன்றில் ஒன்றா என்று பாருங்கள். இந்திய வங்கிக் கார்டு என்றால், வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாடு, கான்டாக்ட்லெஸ் இரண்டையும் 'ஆன்' செய்யுங்கள். இவை 'ஆஃப்' ஆக இருந்தால் லண்டனில் கேட் திறக்காமல் போகலாம். அந்நியச் செலாவணிக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்றும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

2. ஆளுக்கொரு கார்டு
ஒரே கார்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து போக முடியாது. 11 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்குப் பெரியவரோடு போனால் இலவசம். அகலமான கேட் வழியாகக் கூட்டிச் செல்லுங்கள்.

3. தட்டுவது
டியூபில் மஞ்சள் வட்டத்தில் ஏறும்போதும் தட்டவேண்டும், இறங்கி வெளியேறும்போதும் தட்டவேண்டும். பஸ்ஸில் ஏறும்போது மட்டும். டி.எல்.ஆர். எனும் இலகு ரயிலின் ஸ்டேஷன்கள் பலவற்றில் கேட்டே கிடையாது, அதனால் அங்கேதான் பலர் மறந்துவிடுகிறார்கள். எங்கே இறங்கினீர்கள் என்று தெரியாவிட்டால், உச்சபட்சக் கட்டணத்தை எடுத்துக்கொள்வார்கள். தட்டாமலே ஏறிப் பரிசோதகரிடம் மாட்டினால் அபராதம் 100 பவுண்ட். 21 நாளுக்குள் கட்டினால் 50.

4. ஏறிய கார்டிலேயே இறங்குங்கள்
காலையில் போனைக் காட்டி ஏறி, இறங்கும்போது கார்டைத் தட்டினால், கணினி அதை முடிவுறாத இரண்டு பயணங்களாக எண்ணும். போனுக்குள் இருப்பது அதே கார்டுதான் என்றாலும், கணினிக்கு அது வேறு எண். பர்ஸை அப்படியே வைத்துத் தட்டாதீர்கள். உள்ளே வேறு கார்டு இருந்தால் எது மாட்டும் என்று சொல்ல முடியாது.

5. மிச்சம் பிடிப்பது
பஸ் கட்டணம் 2025-இல் 1.75 பவுண்டாக இருந்தது. முதலில் தட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் மறுபடி பிடிக்காது. நாள் ஒன்றுக்கும், திங்கள் முதல் ஞாயிறு வரையிலான வாரத்துக்கும் உச்சவரம்பு உண்டு. அதைத் தொட்டபின் மேற்கொண்டு போகாது. கார்டை மாற்றினால் இந்தக் கணக்கும் முதலிலிருந்து.

வார நாட்களில் காலை 6.30–9.30, மாலை 4–7 நெரிசல் நேரம், கட்டணம் கூடுதல். ஆனால் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து முதல் மண்டலத்துக்கு (மத்திய லண்டன்) டியூபில் வந்தால் எந்த நேரமும் நெரிசல் நேரக் கட்டணம்தான். விமான நிலையத்துக்கான தனி வேக ரயிலான ஹீத்ரோ எக்ஸ்பிரஸில் ஏறினால் இந்த உச்சவரம்பு எதுவும் உதவாது; அவசரமில்லாதவர்களுக்கு ஹீத்ரோ போகும் டியூப் தடமான பிக்காடில்லி லைன் போதும்.

மறந்து தட்டாமல் விட்டிருந்தால், இந்தப் போக்குவரத்தை நடத்தும் டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் அமைப்பின் இணையதளத்தில் கார்டைப் பதிந்து, முடிவுறாத பயணத்தைத் தேடி, இறங்கிய ஸ்டேஷனைக் குறிப்பிட்டுப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.