அடுத்த குண்டும் குறியில் விழ, இடது கையை இறுக்குங்கள்

பிஸ்டலை இரண்டு கைகளாலும் பிடித்து, வலது கை விரலால் டிரிக்கரை இழுப்பவரா? இடது கைதான் அதிக இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். வலது கைப்பிடி உறுதியாக இருந்தால் போதும், நெரிக்க வேண்டாம். வலது கையைப் பிடியில் முடிந்தவரை மேலே, ஆனால் ஸ்லைடு (சுட்டதும் பின்னால் நகரும் மேல்பகுதி) பின்னால் வரும்போது தோலைக் கிழிக்காத உயரத்தில் வையுங்கள்.

வலது கையை முழு பலத்தோடு நெரித்தால் டிரிக்கர் விரலும் சேர்ந்து விறைத்துவிடும். இழுக்கும்போது துப்பாக்கி முனை பெரும்பாலும் கீழே, இடதுபக்கமாகச் சாயும். இன்னொன்று, குழல் கைக்கு மேலே இருப்பதால்தான் உதைப்பு முனையை மேலே தூக்குகிறது. கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவுக்குத் தூக்கலும் குறையும். குறிபார்க்க முனையில் இருக்கும் குறிமுள் சீக்கிரம் பழைய இடத்துக்குத் திரும்பும்.

ஒலிம்பிக்கின் 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகளுக்கு இது உதவாது, அங்கே ஒரு கையால்தான் சுட வேண்டும். ரிவால்வரில் பிடியின் இறுக்கம் இதேதான், ஆனால் இடது கட்டைவிரலை மட்டும் முன்னால் நீட்டவே நீட்டாதீர்கள். குண்டுகள் இருக்கும் சுழல் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் பீறிடும் சூடான வாயு விரலைப் பதம்பார்த்துவிடும்.