காங்கேயம் பக்கம் கல் பார்க்கப் போகிறவர்களுக்கு

இந்த விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்தபோது பிள்ளைகளுக்குக் கோயில், கல்யாணம் தவிர வேறு ஏதாவது காட்டலாம் என்று காங்கேயம் பக்கம் கல் பார்க்கப் போனோம். அம்மாவைப் பெற்ற அப்பிச்சியின் காடு, அதாவது விவசாய நிலம், அங்கேதான். ஐப்பசி மழை விட்டதும் உழவுச் சாலில் மண் கழுவிப் போய், வெங்கச்சாங்கல்லுக்கு (குவார்ட்ஸ்) நடுவே எப்போதாவது வெளிர்நீலமாக ஒன்று மினுங்கும். அதை அவர் வேட்டி முனையில் முடிந்து எடுத்து வருவார். நாங்கள் போனதோ மே மாதம், காடு காய்ந்து கிடந்தது. நீங்கள் கார்த்திகை, மார்கழியில் போங்கள்.

படியூர் திருப்பூர்–காங்கேயம் சாலையிலேயே இருக்கிறது. 1819-20இல் வெள்ளைக்காரர்கள் தோண்டி அக்வாமரீன் என்ற அந்த வெளிர்நீலக் கல்லை எடுத்த ஊர். காட்டுக்காரரைக் கேட்காமல் வேலி தாண்டாதீர்கள். பட்டா நிலமே ஆனாலும் கனிமம் தோண்ட அரசு அனுமதி வேண்டும்.

சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் கொடுமணல். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்கிறார்கள். 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் நீலக்கல், பெரில் (அக்வாமரீன் இந்த வகைதான்), சிவப்பான சூதுபவளம் எல்லாம் பாதி வேலையில் விட்ட மணிகளாகவும் சில்லுகளாகவும் கிடைத்தன, அதாவது இங்கேயே பட்டறை போட்டிருக்கிறார்கள். நேரில் போனால் காடுதான் தெரியும், குழிகளை மூடிவிடுவார்கள். அந்தக் கரையில் நிற்பதற்காகவே நான் திரும்பவும் போவேன்.

சரி, எழுத உட்கார்ந்ததே இனி சொல்லப் போவதற்காகத்தான்.

கிளம்புகிற அன்று மாமா ஒரு சுருக்குப் பையைக் கையில் வைத்தார். உள்ளே பட்டை தீட்டாத கற்கள் கொஞ்சம், துளை போட்ட சிவப்பு மணிகள் மூன்று. "காட்டுல பொறுக்குனதுங்க மாப்பிள்ளை, அங்க குடுத்தா நல்ல விலை வருமுங்க, அமுச்சி கண் ஆபரேசனுக்கு ஆகும்" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. 18 வருடமாக அம்மாவைப் பெற்ற அமுச்சியைப் பார்த்துக்கொள்வது அவர், நான் மாதாமாதம் பணம் மட்டும் அனுப்புகிறவன்.

விமான நிலையத்தில் பையைத் திறந்தார்கள். கற்களுக்கு பில் கேட்டார்கள், இல்லை. மணிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அதிகாரி, இது தொல்பொருளாக இருக்கலாம் என்றார். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, மனிதன் செய்த பொருள் 100 வருடம் பழையதென்றால் நம் இஷ்டத்துக்கு வெளிநாடு கொண்டுபோக முடியாது. சந்தேகம் இருந்தால், தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டும். மனைவியும் பிள்ளைகளும் விமானம் ஏறினார்கள், நான் நின்றுவிட்டேன்.

அப்புறம் நான்கு நாள் தொல்லியல் துறை அலுவலகமே கதி. முதல் நாள் பார்க்க வேண்டியவர் வரவில்லை. இரண்டாம் நாள், எங்கே கிடைத்தது என்று மாமா எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும் என்றார்கள். போனில் சொன்னதும் மாமாவின் குரல் மாறிவிட்டது. "காட்டை எடுத்துக்குவாங்களா மாப்பிள்ளை? என்னை எதுக்குங்க மாட்டி விடறீங்க?" மூன்றாம் நாள் கடிதம் வந்தது, அதில் சர்வே எண் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். அந்த மர பெஞ்சில் பசியோடு உட்கார்ந்திருந்தபோது, கையில் பணம் வைத்திருக்கிற எனக்கே இப்படி என்றால் மாமா தனியாக வந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று தோன்றியது. நான்காம் நாள் மணிகளை வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். மற்ற கற்களை மாமா வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

அதனால் சொந்தக்காரர் எவ்வளவு பாசமாகக் கொடுத்தாலும் கல்லை வாங்கிக்கொள்ளாதீர்கள், முடிந்த பணத்தை அங்கேயே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். உங்களுக்குக் கல் வேண்டுமென்றால் பட்டை தீட்டியதைக் கடையில் உங்கள் பெயருக்கு பில்லோடும் பரிசோதனைச் சான்றோடும் வாங்குங்கள்.

நேரம் இருந்தால் சேலத்தில் ரயில் ஜன்னலிலிருந்தே வெள்ளைக்கல் மேடுகளைப் பார்க்கலாம், உலைச் செங்கல்லுக்குப் போகும் மாக்னசைட் அது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் பாறையைத்தான் அரைத்து, நிலவு மண் போலச் செய்து, இஸ்ரோ சந்திரயான்-2 சோதனைக்குப் பயன்படுத்தியது. இதைக் கேட்டதும் என் மகன் கண் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்கள் கிடக்கின்றன, அங்கேயும் ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது.

கண் ஆபரேசனுக்குப் பணம் அனுப்பிவிட்டேன், அமுச்சிக்கு இப்போது பார்வை தெளிவு. ரசீதின் நகலையும் மாமாவுக்கு அனுப்பினேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.