டெங்கு அறிவிப்பை இப்படி எழுதிப் பாருங்கள்

தெருவில் டெங்கு பரவினால், ‘சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைப்போம்’ என்று எழுதி ஒட்டாதீர்கள். ‘ஒவ்வொரு ஞாயிறும் காலை 10 மணிக்கு ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டிலுள்ள தண்ணீரைக் கொட்டி, தேய்த்துக் கழுவுங்கள்’ என்று எழுதுங்கள். என்ன, எங்கே, எப்போது என்று தெரிந்தால்தான் கை வேலைக்குப் போகும். பெரிய கொசுப் படம் பயத்தை மட்டும்தான் தரும்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒரு முறை. ‘தேய்த்து’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பூந்தொட்டித் தட்டுக்கும் அதே ஞாயிறுதான்.

காய்ச்சல் வந்துவிட்ட வீட்டுக்கு இது போதாது. அங்கே முதல் வரி, ‘இன்றே டாக்டரிடம் போங்கள், ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேண்டாம்’ என்று இருக்கட்டும்.