குழந்தைங்கன்னா உசுரா? சைல்டு வெல்ஃபேர் வேலைக்கு அது மட்டும் பத்தாது

எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி முதுகலைப் படிப்பு) முடிச்சிட்டு மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுலயோ 1098 குழந்தைகள் ஹெல்ப்லைன்லயோ சேரணும்னு வர்றவங்க பாதிப்பேர் சொல்ற காரணம், எனக்கு குழந்தைங்கன்னா உசுருன்னு. நல்லதுதான், ஆனா அத மட்டும் வச்சு இங்க ஒரு வாரம் கூட தள்ள முடியாது.

முதல்ல வாய மூடிக்கிட்டு கேக்கத் தெரியணும். புள்ள தரையப் பாத்துக்கிட்டு பேசாம உக்காந்திருக்கும், நமக்கு பொறுக்காது, "மாமாதான் அடிச்சாரா"ன்னு பதிலையும் சேத்து நாமளே கேட்டுருவோம். கேஸ் அங்கதான் கெடுது, நாளைக்கு கோர்ட்ல எதிர்தரப்பு வக்கீல் "நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க"ன்னு புடிச்சுக்குவாரு. நீங்களும் கீழ உக்காந்து "அப்புறம் என்னாச்சு கண்ணு"ன்னு மட்டும் கேளுங்க. புள்ள சொன்ன வார்த்தையவே எழுதுங்க, "கெட்ட வேலை பண்ணாரு"ன்னா அப்படியே, அத "பாலியல் சீண்டல்"னு நாகரிகமா மாத்த வேணாம்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு மட்டும் சத்தியம் பண்ணிராதீங்க ப்ளீஸ். போக்சோ சட்டம் 19வது பிரிவுப்படி தெரிஞ்சத சொல்லியே ஆகணும், அப்புறம் அந்தப் புள்ள உங்கள நம்பவே நம்பாது. வாக்குமூலம் வாங்குற போலீஸ் யூனிஃபார்ம்ல வரக்கூடாது, புள்ளய ராத்திரி ஸ்டேஷன்ல வைக்கக்கூடாது, இன்ஸ்பெக்டர் முறைச்சாலும் இத சொல்ற தைரியம் வேணும்.

பொறுமை இருக்கான்னு குழந்தை கல்யாணத்த நிறுத்தப் போனா தெரிஞ்சிரும். அங்க பந்தி ஓடிட்டிருக்கும், "பொண்ணுக்கு 18 முடிஞ்சிருச்சு"ன்னு ஆதார நீட்டுவாங்க. கத்தாதீங்க, ஸ்கூல் சர்டிபிகேட்ட கேளுங்க, அம்மாவ தனியா கூப்பிட்டுப் பேசுங்க, பல நேரம் அவங்களுக்கே இதுல இஷ்டம் இருக்காது.

எழுத்து வேலையும் நெறைய. மீட்ட குழந்தைய, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைகள் நலக் குழு முன்னாடி கொண்டுபோகணும். அப்புறம் எஸ்ஐஆர், அதாவது புள்ளயோட குடும்ப நிலைய விசாரிச்சு எழுதுற சமூக விசாரணை அறிக்கை, அதுல "குடும்பம் ஏழ்மையானது"ன்னு ஒரே வரிய எல்லா ஃபைல்லயும் காப்பி பேஸ்ட் பண்றவங்க இருக்காங்க. புள்ள வீட்டுக்குப் போகுமா ஹோமுக்கான்னு முடிவு பண்ண குழு பாக்குறதே அந்த ரிப்போர்ட்டத்தான். பாட்டி வீடு, சித்தி வீடுன்னு நேர்ல பாத்துட்டு எழுதுங்க, ஹோம் கடைசி வழின்னுதான் சட்டமே சொல்லுது.

ஆங், ரெஸ்கியூ ஃபோட்டோவ ஸ்டேட்டஸ்ல போடாதீங்க. "மூஞ்சிய மறைச்சிட்டேனே"ம்பாங்க, பின்னாடி ஸ்கூல் போர்டு பளிச்சுன்னு தெரியும். புள்ள யாருன்னு அடையாளம் தெரிஞ்சா இளைஞர் நீதிச் சட்டம் 74வது பிரிவு, 6 மாசம் வரைக்கும் ஜெயில், 2 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம்.