நினைவு தப்பாத இசிவு: ஸ்ட்ரிக்னைன் நஞ்சை அவசரப் பிரிவில் கண்டறிதலும் கையாளுதலும்

எட்டிக்கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னைன் உடலில் சேர்ந்தால், பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடங்களுக்குள் தசைகள் வெட்டி இழுக்கின்றன, தாடை கிட்டிக்கொள்கிறது, முதுகு வில்லாக வளைகிறது. இத்தனைக்கும் நடுவே நோயாளி விழித்திருந்து, நாம் பேசுவதைப் புரிந்துகொள்கிறார் என்பதே முதன்மையான அடையாளம். தண்டுவடத்தில் தசைகளின் இறுக்கத்தை அடக்கிவைக்கும் கிளைசின் என்னும் வேதிப்பொருளின் ஏற்பிகளை இந்நஞ்சு அடைத்துவிடுவதால், லேசான தொடுதலோ ஓசையோகூட உடல் முழுவதையும் இறுக்கிவிடுகிறது. மூச்சுத் தசைகளும் இறுகி ஆக்சிஜன் குறைந்த பிறகே நினைவு மங்கும்.

டெட்டனஸும் இதே தோற்றம் தரக்கூடும். ஆனால் அது பெரும்பாலும் தாடையில் தொடங்கி நாள்கணக்கில் வளரும். இசிவுகளுக்கு இடையிலும் விறைப்பு நீங்காது. ஸ்ட்ரிக்னைனில் இடைவேளைகளில் தசைகள் தளர்கின்றன. ஆய்வக முடிவு சிகிச்சைக்கு உதவும் வேகத்தில் வராது. எனவே இரத்தம், சிறுநீர் மாதிரிகளை எடுத்து அனுப்பிவிட்டு, சந்தேகத்தின் பேரிலேயே சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.

ஸ்ட்ரிக்னைனுக்கு நஞ்சுமுறி மருந்து இல்லை. உயிரைப் பறிப்பது பெரும்பாலும் மூச்சுத்திணறலே என்பதால், இசிவை அடக்குவதும் மூச்சைக் காப்பதுமே சிகிச்சை. பெரியவர்களுக்கு டயசெபாம் 5 முதல் 10 மில்லிகிராம் வரை சிரை வழியாகக் கொடுத்து, தேவைக்கேற்பத் திரும்பக் கொடுக்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் தாமதிக்காமல் மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தி, ரோக்குரோனியம் போன்ற தசைத் தளர்த்தியைப் பயன்படுத்த வேண்டும். இசிவால் தசை சிதைந்தவரின் இரத்தப் பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தக்கூடிய சக்சினைல்கோலின் என்ற மற்றொரு தசைத் தளர்த்தியைத் தவிர்ப்பது நல்லது. தசைத் தளர்த்தி நினைவை மறைக்காது. ஆகவே மயக்க மருந்து இல்லாமல் அதைக் கொடுப்பது, விழித்திருப்பவரை அசைய முடியாமல் கட்டிப்போடுவதற்கு ஒப்பாகும்.

வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, ஏனெனில் அம்முயற்சியே அடுத்த இசிவைத் தூண்டலாம். நஞ்சு உட்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் வந்தவருக்கு, மூச்சுப்பாதை பாதுகாப்பாக இருந்தால் மட்டும், கிலோவுக்கு 1 கிராம் வீதம் நஞ்சைப் பற்றிக்கொள்ளும் செயலூட்டிய கரி கொடுக்கலாம்.

இசிவு நின்றதும் உடல் வெப்பம், பொட்டாசியம், தசைச் சிதைவைக் காட்டும் நொதியான கிரியேட்டின் கைனேஸ், சிறுநீரின் நிறம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். வெப்பம் மிகுந்திருந்தால் உடலை விரைவாகக் குளிர்விக்க வேண்டும்; தசைச் சிதைவு சிறுநீரகத்தைத் தாக்காதிருக்கச் சிரை வழித் திரவம் தாராளமாகத் தேவை. இரத்தத்தில் கூடிய லாக்டிக் அமிலம் பெரும்பாலும் இசிவு அடங்கியபின் தானே குறையும். டயாலிசிஸால் இந்நஞ்சு குறிப்பிடத்தக்க அளவில் வெளியேறுவதில்லை.

மங்கிய வெளிச்சமுள்ள அமைதியான அறையே நோயாளிக்கு ஏற்றது. ஊசி போடும் முன்னும், படுக்கையை நகர்த்தும் முன்னும் அவரிடம் தணிந்த குரலில் சொல்லிவிட்டுத் தொட வேண்டும்.