இணைசேர்ந்த பின் குதிரையின் கருப்பையைக் கழுவுதல்

விந்து உள்ளே போனதும் கருப்பையில் அழற்சி வருவது நோயல்ல. அரை மணி நேரத்திலேயே நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் வந்து கிருமிகளையும் எஞ்சிய விந்தணுக்களையும் விழுங்கத் தொடங்கும். தசைச் சுருக்கம் கழிவை வெளியேற்றும். சுருக்கம் பலவீனமான குதிரைகளில், குறிப்பாகப் பலமுறை ஈன்ற வயதான குதிரைகளில், நீர் தேங்கிவிடும். நாம் உதவ வேண்டியது அங்கேதான்.

சேர்க்கைக்கு 6 மணி நேரம் கழித்து ஸ்கேன் பாருங்கள். நீரின் ஆழம் 2 செ.மீ.க்கு மேல் இருந்தால் கழுவுங்கள். 4 மணி நேரத்துக்கு முன் வேண்டாம். விந்தணுக்கள் கருக்குழாயை அடைந்திருக்காது.

வாலைச் சுற்றிக் கட்டி, பிறப்புறுப்பைச் சோப்பால் கழுவித் துடையுங்கள். கிருமிநீக்கிய கையுறையோடு பலூன் குழாயைக் கருப்பை வாய் வழியே செலுத்தி, உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிய ரிங்கர் லாக்டேட்டை (கிருமிநீக்கிய உப்புக் கரைசல்) 1 லிட்டராக விட்டு வெளியே எடுங்கள். தெளிந்த நீர் வரும்வரை தொடருங்கள். போன அளவு திரும்புகிறதா என்று அளப்பதை மட்டும் தவிர்க்கவே கூடாது. உள்ளே தங்கும் நீர் கிருமிக்குத் தீனி.

பிறகு மருத்துவர், கருப்பையைச் சுருங்க வைக்கும் ஹார்மோனான ஆக்சிடோசினை 10–20 யூனிட் தசையில் போடுவார். தேவைப்பட்டால் 4–6 மணி நேரத்துக்கு ஒருமுறை. மறுநாளும் ஸ்கேன் அவசியம். ஒவ்வொரு முறையும் நீர் தேங்கினால் யோனி இதழ்களின் சாய்வைப் பாருங்கள்: காற்றும் சாணமும் உள்ளே போனால் எந்தக் கழுவலும் நிலைக்காது, மேற்பகுதியைத் தைக்க வேண்டும்.